மின்னஞ்சலின் தலைவரிகள் சொல்லும் சாட்சியம்

1982ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டெல் வரையறுத்த எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை, சில நூறு கணினிகளே இணைந்திருந்த வலையமைப்பின் பரஸ்பர நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்டமையால், அனுப்புநர் தம் முகவரியென்று எதைச் சொன்னாலும் அதை ஏற்றுக்கொண்டது. பிறர் முகவரியைத் தன்னுடையதாகக் காட்டி அஞ்சல் விடுக்கும் ‘ஸ்பூஃபிங்’ என்னும் ஏமாற்றுக்கு வழி திறந்தது இங்கேதான். அதைத் தடுக்கச் சேவையக நிர்வாகிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறை, ‘ஹெடர்’ எனப்படும் தலைவரிகளைப் படித்து, அஞ்சல் மெய்யாகவே எங்கிருந்து வந்தது என்று முடிவுசெய்வதாகும். தடயம் தேடுவதற்கு இது கூர்மையான கருவி. வாயிற்காவலுக்கோ பெருங்கவனத்துடன் கையாள வேண்டிய கருவி.

தபாலில் உறையும் உள்ளிருக்கும் தாளும் வெவ்வேறாக இருப்பதுபோல, மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரிகள் இரண்டு உண்டு. சேவையகங்கள் தமக்குள் பேசும்போது தரப்படுவது உறைமுகவரி; அது ‘ரிட்டர்ன்-பாத்’ வரியாகப் பதிவாகிறது. பெறுபவரின் திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ வரி, தாளில் எழுதிய பெயரைப் போன்றது. இரண்டையும் அனுப்பும் தரப்பே தருவதால் இரண்டுமே பொய்யாகலாம். ‘ரிசீவ்டு’ வரிகள் வேறு வகையின. அஞ்சல் கடந்துவரும் ஒவ்வொரு சேவையகமும் தன் வரியை முந்தையவற்றுக்கு மேலே சேர்ப்பதால், பயணத்தை அறியக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பது பொதுப்பாடம். நம்பகத்தை அறிய வேண்டுமானால் மேலிருந்து கீழாகத்தான் படிக்க வேண்டும். ஏனெனில், பெறும் நிறுவனத்தின் சேவையகம் தானே எழுதிய வரி மட்டும் உறுதியானது, அதற்குக் கீழுள்ளவற்றை ஏமாற்றுக்காரர் முன்கூட்டியே புனைந்து இணைத்திருக்கக்கூடும். அந்த ஒரு வரிக்குள்ளும், ‘ஹெலோ’ கட்டளையில் எதிர்முனை சொல்லிக்கொண்ட பெயர் வெறும் கூற்றே. அதனருகே பதிவாகும் ஐபி முகவரியோ, இருதிசைப் பரிமாற்றமின்றி டிசிபி இணைப்பு நிலைபெறாது என்பதால், நடைமுறையில் போலிசெய்வதற்கு மிக அரிய சான்றாகும்.

இச்சான்றை இயந்திரமே கணிக்கும்படி அமைந்தவை பிற்காலத் தரங்கள். ஒரு டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள ஐபி முகவரிகளை டிஎன்எஸ் பதிவில் அறிவிப்பது எஸ்பிஎஃப். அஞ்சலில் மறைக்குறியீட்டுக் கையொப்பம் இடுவது டிகேஐஎம். இவ்விரண்டில் ஒன்றேனும் உறுதிசெய்த டொமைன், ‘ஃப்ரம்’ வரியிலுள்ள டொமைனுடன் பொருந்துகிறதா என்று கேட்டு, பொருந்தாதபோது செய்ய வேண்டியதை அறிவிப்பது, 2015இல் ஆவணமாக வெளிவந்த டிமார்க். எஸ்பிஎஃப் ‘ஃப்ரம்’ வரியைச் சோதிக்காமல் உறைமுகவரியைச் சோதிப்பதால், கண்ணுக்குத் தெரியும் பெயரைக் காக்க அது தனித்துப் போதாது. டிமார்க்கின் உண்மையான சிறப்பு, உறையையும் தாளையும் ஒன்றோடொன்று கட்டியதில் உள்ளது.

குறைகளும் அதே கட்டிலிருந்துதான் பிறக்கின்றன. 2014 ஏப்ரலில் யாகூ, தன் டொமைனுடன் பொருந்தாத அஞ்சலை மறுக்குமாறு டிமார்க் கொள்கையை இறுக்கியபோது, உறுப்பினர் கடிதங்களைப் பெற்று எல்லோருக்கும் மறுபடி அனுப்பும் அஞ்சற்குழுக்கள் உலகெங்கும் தடுமாறின. அக்கடிதங்கள் உண்மையானவையாக இருந்தும், வேறோர் ஐபியிலிருந்து, திருத்தப்பட்ட தலைப்புடன் வந்ததால் சோதனையில் தோற்றன. இதைச் சரிசெய்வதற்காக, இடைச்சேவையகங்களின் சாட்சியத்தைத் தொடராகக் காக்கும் ஏஆர்சி என்ற தரம் 2019இல் வெளியானது. அந்த இடையாளரை நம்பலாமா என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. ‘நம் டொமைன் பெயருடன் வெளியிலிருந்து வரும் அனைத்தையும் மறுக்க’ என்று சில நிர்வாகிகள் எழுதும் எளிய விதிக்கும் உண்மையான அஞ்சலை மறுக்கும் இதே குறை உண்டு. நிறுவனத்தின் சார்பில் ரசீது அனுப்பும் வெளிச்சேவையை அது முதலில் வெட்டிவிடும்.

பொய்யஞ்சலை ஏற்றுக்கொண்டபின் ‘அனுப்புநருக்கு’ மறுப்புக் கடிதம் விடுப்பது இதைவிடப் பெரிய தீங்கு. உறைமுகவரி திருடப்பட்டதாக இருக்கையில், அக்கடிதம் எதுவுமறியாத ஒருவரின் பெட்டியில் போய்க் குவிகிறது. எனவே, மறுப்பதாயின் இணைப்பு திறந்திருக்கும்போதே மறுத்துவிட வேண்டும்.

சோதனையில் தேறியதாலேயே அஞ்சல் நல்லதென்றும் ஆகாது. ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனை விலைக்கு வாங்கி முறையாகக் கையொப்பமிடும் மோசடிக்காரர் எல்லாச் சோதனைகளிலும் தேறுவார். நாள்தோறும் 5,000க்கு மேற்பட்ட அஞ்சல்களை ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று தரங்களையும் பின்பற்ற வேண்டுமென்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தலைவரிகள் உறுதிசெய்வது டொமைனை மட்டுமே, எண்ணத்தை அன்று.

சோதனை முடிவுகளைச் சேவையகம் ‘ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’ என்ற வரியில் எழுதுகிறது. அந்த வரியையே ஏமாற்றுக்காரர், பெறும் சேவையகத்தின் பெயரால் புனைந்து அனுப்ப முடியும். தன் பெயரைத் தாங்கி வெளியிலிருந்து வரும் அத்தகைய வரிகளை எல்லைச் சேவையகம் நீக்கிவிட வேண்டுமென்று அவ்வரியை வரையறுக்கும் தரமே விதிக்கிறது. புதிய வடிகட்டிகளைத் தேடும் நிர்வாகிகள், தம் சேவையகம் இதைச் செய்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.