ஒரே வளையில் இருவர்: பிஸ்டல் இறால்–கோபி வளர்ப்பை எடைபோடல்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வெற்றியை அளக்க ஒரே கோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்: உயிர் இருக்கிறதா, இல்லையா. தனித்து வாழும் மீனுக்கு அது ஓரளவு போதும். பிஸ்டல் இறாலையும் கோபி மீனையும் சேர்த்து வளர்ப்பவருக்குப் போதாது. இரண்டும் ஆண்டுக்கணக்கில் நலமாக இருந்தும் அந்த வளர்ப்பு தோற்றிருக்கக்கூடும்: இறால் பாறைக்கடியில் கண்ணில் படாமல் இருக்கும், கோபி மறுமூலையில் தனியே நிற்கும். இந்தச் சோடியைத் தேடி வாங்குபவர் விரும்புவது அவற்றுக்கிடையே நடக்கும் ஓர் ஏற்பாட்டை. அந்த ஏற்பாடு தொட்டிக்குள் அன்றாடம் நடக்கிறதா என்பதை வைத்தே வளர்ப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏற்பாடு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. லூதர் என்ற ஆய்வாளர் அதைச் செங்கடலில் கண்டு 1958இல் விவரித்தார். பின்வந்த ஆய்வாளர் இலான் கார்ப்ளஸ் 1970களில் அதன் சைகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். பார்வை மங்கிய இறால் வளை தோண்டுகிறது. உளுவை இனத்தைச் சேர்ந்த கோபி வாசலில் காவல் இருக்கிறது. மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது இறால் தன் நீண்ட மீசையொன்றை மீன்மேல் படியவிட்டிருக்கும். மீன் வாலை உதறினால் இறால் பின்வாங்கும். மீனே தலை முன்னாக உள்ளே பாய்ந்தால் சற்று நேரம் இருவரும் வெளிவருவதில்லை. கூட்டாளியைத் தேடுவதிலும் வேறுபாடு உண்டு. மீன் இறாலைக் கண்ணால் அறிகிறது, இறால் மீனை நீரில் கரைந்துவரும் வேதிப்பொருள்களால் அறிகிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒரு நடத்தையை வைத்துக்கொண்டு, 'அவன் நன்றாகச் சாப்பிடுகிறான்' என்று மட்டும் பெருமைப்படுவது கூரிய வாசகருக்கு ஏற்புடையதாக இருக்காது.

இறாலின் புகழுக்குக் காரணமான வெடிச்சத்தத்தை இங்கே அதிகம் பேசப்போவதில்லை. கொடுக்கு மூடும் வேகத்தில் பீய்ச்சப்படும் நீரில் உருவாகும் குமிழி நொறுங்குவதிலிருந்தே ஒலி பிறக்கிறது என்று வெர்ஸ்லூயிஸ், லோஸே ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் 2000இல் நிறுவினர். மறு ஆண்டில் அக்குமிழிக்குள் 5000 கெல்வினுக்குக் குறையாத வெப்பம் தோன்றுவதையும் காட்டினர். வியப்புக்குரிய இயற்பியல். ஆனால் நடுநிசியில் 'டக்' என்ற ஒலி கேட்டுத் தொட்டிக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று எழுந்து ஓடுவதைத் தவிர, வளர்ப்பின் தரத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

தரத்தைத் தீர்மானிப்பது மணல். இதில் வழக்கமான அறிவுரை சரியானதே: ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழம், நுண்மணலோடு உடைந்த பவளச் சில்லும் சிப்பித் துண்டும் கலந்த படுகை. சில்லு கூரையாகிறது, நுண்மணல் இடைவெளியை அடைக்கிறது. இறால் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிவந்து சுவர் கட்டுவதைக் கண்ணாடிவழியே பார்க்க முடிகிறது. இந்த அறிவுரையைக் கேட்டவர்களும் பாதியில் கைவிடுகிறார்கள். மாவுபோல் வெண்ணிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில்லை விலக்கி, ஒரே அளவு நுண்மணலை நிரப்புகிறார்கள். அழகு கூடுகிறது; வளை இரண்டு விரற்கடை நீளம் போவதற்குள் சரிகிறது. இறால் அலுத்துப்போய்ப் பாறைக்கடியில் ஏற்கெனவே இருக்கும் குழியில் தங்கிவிட, ஏற்பாடு கண்ணுக்கு மறைந்த இடத்துக்குப் போய்விடுகிறது. வெறுந்தரைத் தொட்டிகள் பராமரிப்பில் எவ்வளவு நேர்த்தியானவையாக இருந்தாலும், இந்த இனங்களுக்குத் தகுதியற்றவை. இதில் சமரசம் இல்லை.

மணலுக்குள் பிளாஸ்டிக் குழாய் புதைத்துத் தரும் முறையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இறாலையும் மீனையும் ஒரே வாய்வழியே முதல் நாள் அறிமுகப்படுத்த அது நல்ல கருவி. அச்சத்தில் இருக்கும் இரண்டு உயிர்களுக்கும் உடனடியாக ஓர் ஒதுங்கிடம் கிடைக்கிறது, சேர்க்கை விரைவாக அமைகிறது. நிரந்தர வீடாக அதைக் கொடுப்பது பிழை. கடலில் வளை ஒருநாளும் கட்டிமுடிக்கப்படுவதில்லை. இடிவதும் செப்பனிடுவதும் ஓயாமல் நடப்பதால்தான் இறால் வெளியே வருகிறது, வெளியே வருவதால்தான் மீனின் காவல் தேவைப்படுகிறது. இடியாத குழாய் அந்தத் தேவையின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது.

பாறைகளைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: அவை மணல்மேல் இல்லாமல் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக நிற்க வேண்டும், இல்லையேல் தோண்டுபவர் மேலேயே கூரை விழும்.

இனத் தேர்வுக்கு வருவோம். பரவலாகப் பரிந்துரைக்கப்படும் சோடி மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் புலிவரி பிஸ்டல் இறாலும், அதாவது கிரிப்டோசென்ட்ரஸ் சிங்க்டஸும் ஆல்ஃபியஸ் பெல்லுலஸும். இதன் வலிமை மறுக்க முடியாதது. மீன் எதையும் தின்னும், புதிய இடத்தில் விரைவில் பழகும். இறால் நான்கைந்து சென்டிமீட்டர் வளர்ந்து, கூட்டாளி விஷயத்தில் பிடிவாதம் குறைவாக நடந்துகொள்ளும். தொடக்கக்காரர் தவறுகள் பலவற்றை இச்சோடி பொறுத்துக்கொள்ளும். குறையும் அதே வலிமையிலிருந்து வருகிறது. புலிவரி இறால் ஓர் இரவில் தொட்டியின் தரைவடிவத்தை மாற்றிவிடும். மணல்மேல் வைத்த பவளங்கள் புதையும். சிறிய அலங்கார இறால்களுக்கு அதன் அருகாமை ஆபத்து. பல வகைப் பவளங்கள் நிறைந்த தொட்டியில் இதை விடுபவர் தோட்டம் வேண்டுமா, தோண்டுபவர் வேண்டுமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ராண்டல் பிஸ்டல் இறாலும் யாஷா கோபியும் வேறு தரம். 2001இல்தான் பெயரிடப்பட்ட ஸ்டோனோகோபியாப்ஸ் யாஷா, சிவப்புப் பட்டைகள் ஓடும் வெண்ணிற உடலும் உயர்ந்த முதுகுத்துடுப்பும் கொண்டது. வளைக்கு மேலே நீரில் மிதந்தபடி காவல் காப்பதால் அதன் செயல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் ஆல்ஃபியஸ் ராண்டலி சிறியது, தோண்டும் அளவும் அடக்கமானது. உருவப் பொருத்தம், நடத்தைப் பொருத்தம் இரண்டிலும் இதற்கு நிகரான சோடியை வீட்டுத் தொட்டிகளில் நான் அறியேன். ஆனால் அச்சம் மிகுந்த மீன் இது. சுறுசுறுப்பான அயலார் இருந்தால் வெளியே வரவே வராது, உணவுப் போட்டியில் தோற்று மெலியும், மூடியில்லாத தொட்டியிலிருந்து குதித்தும் இறக்கும். விலையும் பல மடங்கு அதிகம்.

உணவு குறித்த பழைய நம்பிக்கையை இப்போது திருத்தியாக வேண்டும். மிச்சம்மீதி இறாலுக்குப் போதும் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கோடாவும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கோபி வளைக்குள் இடும் கழிவு இறாலுக்கு இன்றியமையாத உணவு என்று காட்டியது. இதன் விளைவு நேரடியானது. மீனுக்கு நாளுக்கொரு முறை நிறையப் போடுவதைவிட, மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிர் முதலான இரையைச் சிறிது சிறிதாகப் பலமுறை போடுவது இரண்டு உயிர்களுக்கும் உணவளிக்கும். மீன் பட்டினி கிடக்கும் தொட்டியில் இறால் மட்டும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க இனி அடிப்படை இல்லை. இறால் பல நாள் காணாமல் போனால் தோலுரிக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். அதைத் தேடி வளையைக் கிளறிப் பார்ப்பது வளர்ப்பவர் செய்யக்கூடிய மிகக் கொடிய செயல்களில் ஒன்று.

இந்த வளர்ப்பின் ஆழமான முரண்பாடு ஆபத்தைப் பற்றியது. காவல் என்பது அபாயம் இருந்தால்தான் காவல். வேட்டை மீன் எதுவும் இல்லாத தொட்டியில் கோபிக்கு எச்சரிக்க ஒன்றுமில்லை. வால் உதறல் அரிதாகிறது. நாம் பார்ப்பது ஏற்பாட்டின் பாதியை மட்டுமே. அதைச் சரிசெய்கிறேன் என்று பருந்து மீன் போன்ற வேட்டை மீனை விடுபவர்கள் முழுவதையும் இழக்கிறார்கள், ஏனெனில் கடலில் மீட்டர் கணக்கில் இருக்கும் தப்பிக்கும் தூரம் இங்கே இல்லை. கண்ணாடியருகே நாம் நடந்துபோவதும், உணவிடும் கை நீர்மேல் நிழல் வீழ்த்துவதும் தரும் சிறு அச்சமே போதுமான அளவு. சைகைகள் அப்போது தெளிவாகத் தெரிகின்றன, யாரும் அடிபடுவதில்லை. தொட்டியில் ஏற்பாட்டின் பாதியே தெரிகிறது என்ற குறையை ஒப்புக்கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு இது. சுமார் 75 லிட்டர் தொட்டி, சில்லு கலந்த ஆழமான படுகை, இறுக்கமான மூடி, அயலார் இல்லாமை அல்லது மிகச் சாதுவான ஓரிரு சிறு மீன்கள்: இப்படி யாஷாவுக்கும் ராண்டலிக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்ட வளர்ப்பு முழுப் பாராட்டுக்குரியது; இத்துறையின் சிறந்த சாதனை அதுவே. கலப்புப் பவளத் தொட்டியில் மஞ்சள் வாட்ச்மேனும் புலிவரி இறாலும் நிபந்தனையோடு ஏற்கத்தக்கவை; பாறை அடித்தளத்தில் நிற்க வேண்டும், பவளங்கள் உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய, பரபரப்பான மீன்கள் நிறைந்த தொட்டியில் அழகுக்காகச் சேர்க்கப்படும் சோடியை, அது எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், வெற்றியாக எண்ண மாட்டேன். இந்த மூன்றையும் எடைபோட முதல் வாரம் போதாது. இறால் ஒருமுறையாவது தோலுரித்து, வளையின் வாசலை இடம் மாற்றி, மீன் அந்தப் புது வாசலுக்கு வந்து நின்ற பிறகே மதிப்பெண் இட வேண்டும்.