"ஏன் கிளம்பவில்லை?"

ஜெஸ்மின் வார்டின் 'சால்வேஜ் த போன்ஸ்' நாவலை மாணவிகளோடு படிக்கும்போதெல்லாம் பாதி வகுப்பு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. புயல் வருவது தெரியும். தொலைக்காட்சி சொல்லிவிட்டது, தொலைபேசியும் சொல்லிவிட்டது. பிறகும் ஏன் இந்தக் குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை? கேட்கிறவர்களின் குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும். அந்தக் கோபத்தைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணைப் பற்றி "இத்தனை வருஷம் ஏன் அங்கேயே கிடந்தாள்?" என்று கேட்பவர்களிடமும் இதே கோபம்தான் இருக்கிறது. விசாரணை முழுக்க இருந்தவளின் மேல். போவதற்கு அவள் கையில் என்ன இருந்தது, போனால் யார் கதவைத் திறப்பார்கள் என்பதெல்லாம் விசாரணைக்குள் வருவதே இல்லை.

2011இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்ற நாவல் இது. மிசிசிப்பிக் கடலோரத்தில் புவா சோவாஜ் என்றொரு கற்பனை ஊர். ஏழைக் கறுப்பினக் குடும்பம். கதை சொல்லும் எஷ்ஷுக்குப் பதினைந்து வயது. அம்மா கடைசித் தம்பியைப் பெற்றபோது இறந்துவிட்டாள். குடிக்கிற அப்பா, மூன்று சகோதரர்கள், அவர்களில் ஸ்கீட்டா உயிராக வளர்க்கும் சைனா என்ற வெள்ளை நாய், அதன் குட்டிகள். எஷ் கருவுற்றிருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு அத்தியாயங்களில் பன்னிரண்டு நாள்கள் நகர்கின்றன. கத்ரீனா புயல் வந்து சேர்வது பதினோராம் நாளில்.

"போவோமா, இருப்போமா" என்று குடும்பம் கூடி உட்கார்ந்து வாதிடும் பெரிய காட்சி எதையும் வார்ட் எழுதவில்லை. புயல் வரும் வரும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஜன்னல்களுக்குப் பலகை தேடுகிறார், குடங்களைக் கழுவி நிரப்பச் சொல்கிறார். எஷ் கோழிகள் ஒளித்துவைத்த முட்டைகளைத் தேடி எடுக்கிறாள், டப்பா உணவையும் மலிவு நூடுல்ஸையும் கணக்கிடுகிறாள். தங்குவதும் ஒரு வேலை. அதில் பெரும்பகுதி, அம்மா இல்லாத வீட்டில், மசக்கை வாந்தியை மறைத்துக்கொண்டு நடமாடும் ஒரு சிறுமியின் தலையில் விழுகிறது. முடிவு எடுத்தவர்களாக இவர்களைக் காட்டாமல், வேலை செய்துகொண்டிருப்பவர்களாகக் காட்டியதை நாவலின் ஆகப் பெரிய நேர்மையாக நினைக்கிறேன்.

அந்த வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. பதிவுசெய்யப்பட்ட ஆண் குரல். கட்டாயமாக வெளியேற வேண்டும், இருப்பதென்று தேர்ந்தெடுத்தால் நாங்கள் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். இந்த அழைப்பை வகுப்பில் இரண்டு முறை படிக்கச் சொல்வேன். கட்டாயம் என்கிறது, ஆனால் வண்டி அனுப்புவதாகச் சொல்லவில்லை. தேர்வு என்கிறது, ஆனால் இரண்டாவது வழி எங்கே போகிறது என்று சொல்லவில்லை. அரசு தன் கையைக் கழுவிக்கொள்வதற்கு 'தேர்வு' என்ற சொல் எவ்வளவு வசதியாக இருக்கிறது! பெண்களுக்குப் பழகிய வசதிதான் இது.

நாவலுக்கு வெளியே நடந்ததும் இதுவே. நியூ ஆர்லியன்ஸ் நகர மேயர் கட்டாய வெளியேற்ற ஆணையைப் பிறப்பித்தது 2005 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை புயல் கரையைத் தொட்டது. அந்நகரில் கார் இல்லாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மாதக் கடைசி, சம்பளமும் உதவித்தொகையும் கைக்கு வராத நாள்கள். பெட்ரோலுக்கும் விடுதி வாடகைக்கும் பணம் இருந்தவர்களுக்கு அது ஆணை. மற்றவர்களுக்கு வெறும் செய்தி. கிளம்பியவர்களுக்காவது சேருமிடம் இருந்ததா? வார்டின் குடும்பம் கத்ரீனாவில் வெள்ளம் புகுந்த பாட்டி வீட்டிலிருந்து தப்பி வெளியே வந்தது. பக்கத்து நிலத்தின் வெள்ளையினச் சொந்தக்காரர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுக்குள் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் வங்கதேசத்தை நினைக்காமல் என்னால் மேலே படிக்க முடிவதில்லை. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்ததாக அப்போதைய ஆய்வு சொல்கிறது. எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது சந்தையிலும் தெருவிலும் ஆண்களின் காதுக்குப் போனது. ஆண் துணையும் அனுமதியும் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க முடியாத பெண்கள் காத்திருந்தார்கள். இறங்கியவர்களை நனைந்த சேலையும் இடுப்பில் இருந்த குழந்தையும் இழுத்தன. புகலிடக் கட்டடங்களிலோ பெண்களுக்கென்று தனி இடமில்லை, கழிப்பறை இல்லை. அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்தில் இரவைக் கழிக்க வேண்டும். "ஏன் கிளம்பவில்லை" என்று அவர்களைக் கேட்பதை விட்டுவிட்டுப் புகலிடத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. பெண்களுக்குத் தனி அறைகள் வந்தன. கால்நடைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். எச்சரிக்கையை வீடுவீடாகக் கொண்டுபோகும் புயல் முன்தயாரிப்புத் திட்டத்தின் தொண்டர்களில் இன்று ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள்.

கால்நடைகள் என்றதும் சைனா. நாய்க்காகவா ஸ்கீட்டா இந்தப் பாடுபடுகிறான் என்று ஒரு வருடம் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. 2018இல் கஜா புயலின்போது அவளுடைய அம்மா முகாமுக்கு வர மறுத்ததற்கு வீட்டில் நின்ற நான்கு ஆடுகள்தான் காரணம் என்றாள். பள்ளிக்கூடத்து முகாமில் ஆட்டை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அந்த ஆடுகள்தான் அம்மா பெயரில் இருந்த ஒரே சொத்து. அமெரிக்காவும் கத்ரீனாவுக்குப் பிறகுதான், 2006இல், வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டது.

நாவலோடு எனக்குள்ள பிணக்கு வேறு இடத்தில். எஷ் கிரேக்கப் புராணக் கதைகளை வாசிக்கிறவள். காதலனால் கைவிடப்பட்டு, பெற்ற பிள்ளைகளையே கொன்ற மெடியா அவள் மனதை ஆட்டுகிறாள். நாவல் அந்தப் படிமத்தைச் சைனாமீது ஏற்றுகிறது; பிறகு கத்ரீனாமீதும் ஏற்றி, புயலைக் கொலைகாரத் தாயாக்குகிறது. எழுத்தாக அது வலிமையானது, மறுக்கவில்லை. ஆனால் புயல் தாயாகிவிட்ட கணத்தில் அரசு கதையைவிட்டு நழுவிப்போகிறது. அழிவுக்கு ஒரு பெண் முகம் கிடைத்துவிட்டால் தொலைபேசியில் பேசிய அந்த ஆண் குரலை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பெண் எழுதிய நாவலிலும் இது நடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, பரண் வழியாகக் கூரையை உடைத்து வெளியேறும் பக்கங்களில் புராணம் விலகிக்கொள்கிறது. எஷ் கர்ப்பமாக இருப்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிகிறது. அதிர்ச்சியில் அவர் அவளைத் தள்ள, அவள் வெள்ளத்தில் விழுகிறாள். தங்கையைப் பிடிக்கப் பாய்கிற ஸ்கீட்டா நாயை இழக்கிறான். கடைசி அத்தியாயத்தில், குழந்தைக்குத் தகப்பன் இல்லை என்று எஷ் சொல்லும்போது, நண்பன் பிக் ஹென்றி அதற்குத் தகப்பன்கள் பலர் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்கிறான். மாணவிகளுக்கு மிகவும் பிடித்த இடம் இது; எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தகப்பன்களில் ஒருவரிடமாவது எல்லாரும் ஏறிப் போகிற அளவுக்கு ஒரு வண்டி இருக்கிறதா, மடியில் கைக்குழந்தையோடு எஷ் அடுத்த புயலுக்கு எங்கே போவாள் என்று பிக் ஹென்றி யோசிக்கவில்லை. வார்டும் கேட்கவில்லை.