முந்நூறு நாள் கைதட்டல்

ஆந்திராவில் சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூரில் போன மாதக் கடைசி நாளன்று ஒரு பணி ஓய்வு விழா. சால்வை, ரோஜா மாலை, காகிதத் தட்டில் லட்டும் காராபூந்தியும். பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகப் பேசியவர் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல சார் ஒரு நாள் ஈ.எல். எடுத்ததில்ல. முந்நூறு நாளும் அப்படியே இருக்கு!" மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அடுத்து வந்த சங்கத்துக்காரர் இன்னும் ஒருபடி ஏறினார். எடுக்காத லீவுக்குக் காசு என்பது போராடி வாங்கிய உரிமை என்றார். இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை ஆலைத் தொழிலாளி வரை கொண்டுபோயிருக்கிறது என்றார். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது ஒருத்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஓர் அலுவலகத்தில் பில் போட்டவன்தான். ஓய்வு பெற்றபோது 300 நாளுக்கான பணத்தை, அதாவது பத்து மாதச் சம்பளத்தை, அகவிலைப்படியோடு வாங்கினேன். வீட்டு மேலே ஓர் அறை எழும்பியது அந்தக் காசில்தான். அதனால் இந்த ஏற்பாட்டில் நல்லதே இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், குடும்பத்தின் கைக்கு வரக்கூடிய தொகைகளில் இதுவும் ஒன்று. துறை விசாரணையைக் காட்டி, விதியில் இடமில்லாமல் இதைப் பிடித்துவைக்கக் கூடாது, இது ஊழியரின் சொத்து என்று ஜார்க்கண்ட் அரசு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் ஊழியருக்கு இந்தப் பணத்தில் வருமான வரி விலக்கு 2002 முதல் 3 லட்ச ரூபாயிலேயே நின்றது. 2023-ல் அது 25 லட்சமானது. எல்லாம் நியாயம். வேலை முடியும் நாளில் மிச்சமிருக்கும் லீவை முதலாளி விழுங்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

என் சண்டை அந்த மிச்சம் எப்படிச் சேர்கிறது என்பதில்தான்.

மேடையில் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆந்திர அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, அதுதான் ஈ.எல். ஜனவரி 1-ல் பதினைந்து, ஜூலை 1-ல் பதினைந்து என்று கணக்கில் ஏறும். 27 வயதில் சேர்ந்து 62-ல் ஓய்வு பெற்றால் 35 ஆண்டு, 1,050 நாள். கடைசியில் காசாக்கக்கூடியது 300. ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் சரண்டர் செய்து, அதாவது பணியில் இருக்கும்போதே விற்றுக் காசாக்கி, வந்தார் என்று வைத்தாலும் அது 525. மீதி 225 நாள்? உச்ச வரம்பைத் தாண்டியதால் காசாகவும் இல்லை, ஓய்வாகவும் இல்லை, காற்றில் போனது. ஏழரை மாதத்தை அரசுக்குச் சும்மா கொடுத்த மனிதருக்குத்தான் அன்றைக்குக் கைதட்டினோம். கொடுத்தது அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

படித்தவர், கணக்குத் தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்கிறார்? விலை அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. லீவு எந்த ஆண்டில் சேர்ந்ததாக இருந்தாலும் காசு கடைசிச் சம்பளத்தின்படிதான். சில ஆயிரம் சம்பளம் வாங்கிய காலத்தில் சேர்ந்த நாளுக்கு, ஓய்வு பெறும் மாதத்தின் சம்பளத்தில் விலை. எந்தப் பேங்கு கொடுக்கும் இந்த வட்டியை? முப்பது வயதில், குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது நான்கு நாள் வீட்டில் இருந்திருக்கலாம். அந்த நான்கு நாளைத் தொடாமல் வைத்தால் அறுபத்திரண்டில் அதுவே பல மடங்கு. ஓய்வு மிக அதிகம் தேவைப்படுகிற வயதில், 'இப்போது எடுக்காதே, அப்புறம் விலை ஏறும்' என்று காதில் ஓதுகிற ஏற்பாடு இது. லீவு என்கிற பெயரை வைத்துக்கொண்டு லீவு எடுப்பவனை ஊதாரி ஆக்குகிறது.

எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் லீவு கணக்குப் பக்கங்களை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். வரவுக் கட்டத்தில் பதினைந்து, பதினைந்து என்று ஒரே எண் ஏணிப்படி மாதிரி இறங்கும். 'எடுத்தது' என்ற கட்டம் பக்கம் பக்கமாக வெறுமை. நடுவில் எங்காவது சிவப்பு மையில் 'சரண்டர் 15'. சாவு, கல்யாணம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, எல்லாம் கேஷுவல் லீவில் ஓடிவிடும், அது எஸ்.ஆரில் ஏறாது. ஒரு மனிதர் முப்பது வருஷம் தொடர்ந்தாற்போல் பத்து நாள் வீட்டில் இருந்ததே இல்லை என்பதை அந்த வெறும் கட்டம் சொல்லும். அதைத்தான் நாம் பெருமை என்கிறோம்.

'கேட்டால் கொடுக்கிறார்களா? ஆளே இல்லாத ஆபீஸில் லீவு எங்கே சேங்ஷன் ஆகும்?' என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பதில் என் வாதத்துக்குத்தான் கைகொடுக்கிறது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். அவர் எடுக்காத லீவு, நிரப்பாத பணியிடத்தின் மறைமுகச் சம்பளம். ஓய்வு நாளன்று காசு கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றால் அந்த நாற்காலியை நிரப்ப யாருக்கு அவசரம்? ஆலைத் தொழிலாளிக்கான சட்டத்தில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. முறைப்படி விண்ணப்பித்தும் லீவு மறுக்கப்பட்டால், வழக்கமான 30 நாள் வரம்பு இல்லாமல் அது அடுத்த ஆண்டுக்குச் சேரும். ஆனால் இல்லை என்பதை யாரும் காகிதத்தில் எழுதித் தருவதில்லை. 'அப்புறம் பாக்கலாம்பா' என்பதற்கு நகல் எடுக்க முடியாது.

விற்கிறோம் என்றாவது வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் ஒழுங்காகக் காசு கொடுக்கிறாரா? தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காட்டி, ஆண்டுச் சரண்டரை ஓராண்டுக்கு நிறுத்தினார்கள். அந்த ஓராண்டு நீண்டு நீண்டு, திரும்ப வந்தது 2025 அக்டோபர் 1-ல். கட்சி மாறி ஆட்சி வந்தும் ஐந்தரை ஆண்டு. இந்தப் பக்கம் ஆந்திராவில் நிறுத்தவில்லை. பில் கஜானாவில் கிடக்கும், அவ்வளவுதான். போலீஸ்காரர்களைக் கேட்டால் சரண்டர் பாக்கியின் வரலாற்றைத் தேதியோடு சொல்வார்கள். எடுத்த லீவை எந்த அரசும் திரும்பப் பிடுங்க முடியாது. விற்ற லீவின் காசை ஓர் அரசாணையில் தள்ளிப்போடலாம்.

வெளியே எப்படி என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை, குறைந்தபட்ச ஆண்டு விடுப்பான நான்கு வாரத்துக்குப் பதிலாகக் காசு கொடுப்பதையே தடுக்கிறது. விலக்கு ஒன்றே ஒன்று: வேலை முடியும்போது. கடைசி நாள் பணம் அங்கேயும் உண்டு, தவறிப்போனதற்கு ஈடாக. ஆசை காட்டும் சேமிப்பாக அல்ல. முதலாளி லீவு எடுக்கச் சொல்லி, எடுக்க வழியும் செய்தாரா என்பதைப் பார்க்காமல் அந்த லீவு காலாவதி ஆகாது என்று 2018-ல் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், குறைந்தபட்ச விடுப்பைக் காசுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

அதெல்லாம் குளிர்நாட்டு வசதி என்று யாராவது சொல்வதற்குள் நம் ஊர் பேங்கையே காட்டிவிடுகிறேன். முக்கியமான இடங்களில் இருக்கும் பேங்கு ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலைநாளாவது கட்டாய லீவில் போயாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அவர்கள் களைத்திருப்பார்கள் என்ற கரிசனத்தால் அல்ல. நாற்காலியை விட்டு எழுந்தால்தான் தில்லுமுல்லு வெளியே வரும் என்பதால். பத்து நாள் ஆளில்லாமல் பேங்கு நடக்கத்தான் செய்கிறது. பணத்தைக் காப்பாற்றக் கட்டாய லீவு போட முடிகிற நாட்டில், ஆளைக் காப்பாற்றப் போட முடியவில்லை.

சங்கத்துக்காரர் புகழ்ந்த புதிய சட்டத் தொகுப்புக்கு வருவோம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 240 நாள் வேலை செய்தால்தான் சம்பளத்தோடு லீவு. இப்போது 180 போதும். நல்ல மாற்றம். ஆனால் அதே பிரிவு, தொழிலாளி கேட்டால் ஆண்டு முடிவில் லீவைக் காசாக்கிக்கொள்ளலாம் என்கிறது. அரசு அலுவலகத்தில் நாங்கள் பழகிய கெட்ட பழக்கத்தை ஆலைக்கும் கொண்டுபோயிற்று. அன்றாடச் செலவுக்கே இழுபறியாக இருப்பவர் டிசம்பரில் லீவைக் கேட்பாரா, காசைக் கேட்பாரா?

அந்த 180-ஐக் கூட எட்டாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். கங்காதர நெல்லூரிலும் சித்தூரைச் சுற்றியும் மாம்பழக்கூழ் ஆலைகள் இருக்கின்றன. ஜூன் வந்தால் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். ஷேர் ஆட்டோவில் தலைக்கு வலைத் தொப்பியோடு இறங்கும் பெண்களுக்கு இரண்டு மாதம், மிஞ்சினால் இரண்டரை மாதம் வேலை. மாம்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கும். வேலை முடியும்போது மிச்ச லீவுக்குக் காசு என்ற ஏற்பாடு யாருக்காவது பொருந்துமானால் அது இவர்களுக்குத்தான், இவர்களுக்கு வேலை ஒவ்வோர் ஆண்டும் முடிகிறதே! சட்டத்திலும் இடம் இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாலும் தானாக விலகினாலும், குறித்த நாள் கணக்கு நிறையாவிட்டாலும், இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் லீவுச் சம்பளம் தர வேண்டும்; அதுவும் இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள். பழைய தொழிற்சாலைச் சட்டமும் இதைச் சொல்லிவந்தது. அறுபது நாள் நின்றவளுக்கு மூன்று நாள் கூலி.

எங்கள் தெருவிலிருந்து போகும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளும் சீசன் கடைசி நாள் மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அவர் சிரித்தாராம். "ஏம்மா, உன்ன யாரு நிறுத்துனாங்க? சீசன்தானே நின்னுது."