குழந்தையின் முதல் தோல் ஷூ

உள்ளங்கையில் அடங்கும் இந்த ஷூவுக்குப் பெரியவர் ஷூவைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். நடை பழகும் பிள்ளையின் பாதத்தில் இன்னும் குருத்தெலும்பே அதிகம். ஆகவே அடிப்பாகம் விரல் பக்கம் எளிதில் வளைய வேண்டும், நுனியில் ஒரு விரல் அகலம் இடம் விட வேண்டும். உள்ளே தையல் உறுத்தவே கூடாது. மடிப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமப்படுத்தும் கைகளின் நேர்த்தி அங்கேதான் தெரியும்.

ஆம்பூர் ஷூ ஆலைகளில் மேல்பாகம் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தத்தி நடக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற தாய்மாரும் அவர்களில் உண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது மிக நியாயம்.

எவ்வளவு பார்த்துத் தைத்தாலும் சில மாதங்களில் ஷூ சிறுத்துவிடும். பிள்ளை வளர்ந்த வேகம் பெற்றோருக்கு அப்போதுதான் உறைக்கும். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. வெளியே போகும்போது போட்டால் போதும்.