மலைச்சரிவும் விஞ்ஞான வகுப்பும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது பத்திரிகைகளில் ஒரு வகை எழுத்து ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகின்றது. தோட்டத் தொழிலாளியின் மகளொருத்தி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருப்பாள். அல்லது மகனொருவன் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகியிருப்பான். லயக் காம்பராவின் வாசலில் தாயும் தந்தையும் இரு புறமும் நிற்க ஒரு புகைப்படம். குப்பி விளக்கு, ஒழுகும் கூரை, கொழுந்துக் கூடை, தளராத முயற்சி. இறுதியில் இலவசமாக மேலதிக வகுப்பு நடத்திய நல்லுள்ளங்களுக்கு நன்றி. இவ்வெழுத்தின் உருவம் நமக்கு மனப்பாடம். பெயரையும் தோட்டத்தையும் மாற்றினால் சென்ற ஆண்டின் கட்டுரையே இவ்வாண்டுக்கும் போதுமானது.

அந்தப் பிள்ளையின் வெற்றியில் நாம் கொள்ளும் மகிழ்ச்சி பொய்யானதன்று. எனினும் உருவம் மாறாது நிற்கும் எழுத்தொன்றில் உள்ளடக்கம் எதை மறைக்கின்றது என்று கேட்பது விமர்சனத்தின் கடமை. இக்கட்டுரையில் அவ்வெழுத்தையும், அதற்குப் பின்னால் நிற்கும் உண்மையான முயற்சியையும், அதாவது உயர்தர விஞ்ஞான மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் இலவச வகுப்புகளையும், ஒருங்கே வைத்து நோக்க விரும்புகின்றோம்.

முதலில் அம்முயற்சியின் நன்மையைச் சொல்லிவிடுவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர்கள் உயர்தர மாணவருக்காக நடத்திவரும் முன்னோடிப் பரீட்சை தமிழ்மொழி மூல மாணவர் பலரும் அறிந்தது. தாம் கடந்துவந்த வாயிலைப் பின்னால் வருபவருக்குத் திறந்து பிடிக்கும் அந்த மனம் போற்றுதற்குரியது. இன்னும் எத்தனையோ ஊர்களில் இளம் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் சனி ஞாயிறுகளில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கின்றனர். கடந்தகால வினாத்தாள்களைத் தொகுத்து அச்சிட்டுக் கொடுக்கின்றனர். பணம் கொடுத்துத் தனியார் கல்வி நிலையங்களில் அமர முடியாத பிள்ளைக்கு இவை பேருதவி. நாமும் அத்தகைய வகுப்புகளில் வெண்கட்டி பிடித்து நின்றவர்களே. ஆகவே இங்கு கூறும் குறைகள் பிறர் மீது சாட்டும் குற்றங்களல்ல. நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள்.

தோட்டமொன்றை அண்டிய பாடசாலையில் அவ்வாறான வகுப்பொன்றை நாம் தொடங்கிய நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. ஆனால் விஞ்ஞானப் பிரிவில் படிப்போர் கை உயர்த்துங்கள் என்றபோது முன்வரிசையில் மட்டும் சில கைகள் எழுந்தன. ஏனையோர் கலைப் பிரிவினர். விஞ்ஞானத்தை விரும்பாமலா கலையைத் தெரிந்தீர்கள் என்று கேட்டோம். 'எங்கள் பாடசாலையில் அந்த வகுப்பே இல்லையே, சேர்' என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். அதற்கு நமது கையிலிருந்த வினாத்தாள் தொகுதியில் விடை இருக்கவில்லை.

அந்த விடை வரலாற்றில் இருக்கின்றது. வெள்ளைக்கார ஆட்சி 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் தோட்டத்துரைமார் மீது சுமத்திய கடமை, ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்வது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்கு மலையில் வேலை இருக்கின்றது என்பதே அதன் உட்பொருள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. தோட்டப் பாடசாலையோ அதற்குப் பின்னரும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவரின் பிள்ளைக்குப் பாடசாலை கேட்க எவருமிலர். 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் பிற பகுதிகளில் மூன்றாம் தலைமுறை பல்கலைக்கழகத்துக்குப் போகும் காலத்தில் இங்கு முதல் தலைமுறை ஆறாம் வகுப்புக்குப் போனது.

இன்றும் நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவையுடையவை, அதாவது 1ஏபி வகையைச் சேர்ந்தவை, ஏறக்குறைய 1,000 மட்டுமே. தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடோ பதினோராம் வகுப்போடோ முடிந்துவிடுபவை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலுள்ள பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பஸ் கட்டணம் வேண்டும். அல்லது தங்குமிடத்துக்குப் பணம் வேண்டும். நாட்சம்பளம் பெறும் குடும்பத்தில் அது ஒரு கூலிக் கணக்கு. அக்கணக்கில் முதலில் கழிக்கப்படுபவள் பெரும்பாலும் பெண்பிள்ளை. ஆகவே நமது வகுப்பின் முன்வரிசையில் இருந்தோர் பல சல்லடைகளில் எஞ்சியவர்கள். நாம் வகுப்பைத் தொடங்கிய இடமோ கடைசிச் சல்லடையின் வாசல்.

பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகை உண்டே என்று சிலர் கூறுவர். உண்டு. விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் இந்த முறையின் அலகு மாவட்டம். நகரத்துப் பெரிய பாடசாலையும் மலைமுடுக்கின் லயமும் அதன் கண்ணுக்கு ஒன்றே. ஆய்வுகூடமும் ஆசிரியரும் தனியார் வகுப்பும் வாய்க்கப்பெற்ற நகரப் பிள்ளையோடு, ஒரே இசட் புள்ளிப் பட்டியலில், தோட்டத்துப் பிள்ளை நிற்கின்றது. மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள ஏற்றத்தாழ்வை இம்முறை ஓரளவு காண்கின்றது. மாவட்டத்துக்குள்ளே நிலவும் வர்க்க வேற்றுமையைக் காணவில்லை.

இவ்வளவும் வாய்ப்பைப் பற்றியவை. கற்பிக்கப்படும் பொருளைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கு மீரியபெத்தையை விட்டால் வேறு இடமில்லை.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, எட்டு மணிக்கு முன், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். மாலையில் திரும்பிப் போக அவர்களுக்கு வீடில்லை, சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கவைக்கப்பட்டனர். ஈராண்டு கழிந்து, 2016இல், பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த மலை திடீரென ஏமாற்றியதுமன்று. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் வாக்கைச் சொல்லிற்று. அதைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் நடக்கவில்லை. சொல்லை வாங்கி உரிமைக் குரலாக உயர்த்தும் வலிமையை லயத்து மக்களுக்கு எவரும் அளித்திருக்கவுமில்லை.

இணைந்த கணிதம் கற்ற எவருக்கும் சாய்தளக் கணக்குத் தெரியும். கரடான சாய்தளத்தில் ஒரு துணிக்கை வைக்கப்பட்டுள்ளது. உராய்வுக் குணகம் இன்னது. எக்கோணத்தில் அது வழுக்கத் தொடங்கும்? மாணவர் விடை காண்கின்றனர், நாம் புள்ளியிடுகின்றோம். அதே மாணவர் உறங்கும் லயம் ஒரு சாய்தளத்தில் நிற்கின்றது. மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பும்போது நீரின் அமுக்கம் உயர்ந்து, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் வலிமை குறைகின்றது. நேற்றுவரை நின்ற சரிவு இன்று நில்லாமற் போவதன் காரணம் இதுவே. மரம் சாய்வதும், தரையில் வெடிப்புத் தோன்றுவதும், இல்லாத இடத்தில் ஊற்றுப் பிறப்பதும் அதன் முன்னறிகுறிகள். இவ்விரு சாய்தளங்களையும் இணைத்துச் சொல்லும் ஒரு வகுப்பை நாம் நடத்தினோமா? இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். 'இவ்வாண்டு இக்கேள்வி வரும்' என்ற ஊகமே நமது வகுப்புகளின் உயிர்நாடியாக இருந்துவருகின்றது. வினாத்தாளை வெல்லும் வித்தை கற்பிக்கப்படுகின்றது. இயற்கையை அறியும் விஞ்ஞானம் அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழை நாட்டை மூழ்கடித்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன. அவ்வேளை உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அது இடைநிறுத்தப்பட்டது. பரீட்சையும் மலையும் வெவ்வேறு உலகங்கள் என்று இனியும் எவர் சொல்வர்?

இன்னொரு முரண்பாட்டையும் வாசகர்கள் கருத வேண்டும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. விஞ்ஞானப் பாடங்களில் தேறியவருக்கே அங்கு இடம். கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் நிறம் மாறுவதையும் பிறந்த நாள் முதல் மூச்சோடு அறிந்த பிள்ளைக்கு, அம்மாற்றத்தின் இரசாயனத்தைக் கற்பிக்கும் மண்டபம் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றது. இடையில் இல்லாதது இரண்டு வருட விஞ்ஞான வகுப்பு மட்டுமே. பாட்டியும் தாயும் தம் விரல்களாற் சேர்த்த அறிவு பேத்தியின் குறிப்புப் புத்தகத்தை அடைய வழியில்லாத ஒரு கல்வி முறையை நாம் என்னவென்று அழைப்பது?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது நேர்மையான வாதம். 'பரீட்சை இன்னும் சில மாதத்தில். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வினாத்தாட் பயிற்சி. சமுதாயம் மாறும்வரை அவள் காத்திருப்பாளா? ஒருத்தி மேலேறினால் ஒரு குடும்பமாவது தப்புமே.' இதை நாம் மறுக்கவில்லை. நீரில் தத்தளிப்பவனுக்குக் கை கொடாது அணை கட்டுவது பற்றிப் பேசுபவன் முற்போக்காளனல்லன். வகுப்புகள் நடக்கட்டும், இன்னும் பெருகட்டும். ஆனால் கை கொடுத்தவரே அணை வேண்டாமென்று சொல்வதற்குக் காரணமாகிவிடக்கூடாது. இலவச வகுப்பு நடக்கின்றதே, பிறகு விஞ்ஞான ஆசிரியர் எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்கும் நாள் வந்தால், நமது தர்மசிந்தை மக்களின் உரிமைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும்.

ஆகவே இம்முயற்சிகளை அளக்கும் அளவுகோலை மாற்றுவோம். எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பதோடு, சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் தேறிய எத்தனை பேர் வகுப்பில்லாமையால் பாதை மாறினர் என்பதையும் தோட்டந்தோறும் எழுதி வைப்போம். பன்னிரண்டாம் வகுப்பிற் தொடங்கும் உதவியை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இறக்குவோம். வகுப்பறையில் ஒரு மழைமானியையாவது வைத்து, மாணவரே நாள்தோறும் அளந்து பலகையில் எழுதச் செய்வோம். அப்பலகையைத் தோட்டத்து மக்கள் வாசிக்கட்டும். வகுப்பு முடிந்ததும் பெற்றோரை இருத்தி, இவ்வட்டாரத்தில் 1ஏபி பாடசாலையொன்றும் ஆய்வுகூடமும் நிரந்தர விஞ்ஞான ஆசிரியரும் வேண்டுமென்ற கோரிக்கையை அவர்கள் வாயாலேயே எழுதச் செய்வோம். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தாளருக்கும் இதிற் பங்குண்டு. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோர் வளர்த்த மலையக இலக்கியம், லயத்தை விட்டு வெளியேறியவரின் புகழ்க்கதையாக வளரவில்லை. அங்கேயே வாழ்ந்தவரின் மனித மேன்மையை எழுதியே அது யதார்த்த இலக்கியமாயிற்று. பெறுபேற்று நாளின் பத்திரிகை எழுத்து அந்த மரபுக்கு எதிர்த்திசையில் நடக்கின்றது. ஒருத்தியின் வெற்றியை அவளது தனித்திறமையின் அற்புதமாக்கி, மற்றவர்களின் தோல்வியை அவர்களின் குறையாக்கிவிடுகின்றது. மண்டபத்தில் எழுந்து நின்று 'அந்த வகுப்பே இல்லையே' என்ற மாணவியின் கதையையும் எழுதும் பேனாவே நமக்கு வேண்டியது.

அன்று காலை பாடசாலைக்குப் போயிருந்ததால் மீரியபெத்தையின் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். பாடசாலை உயிர் காக்கும் என்பது அம்மலையில் உவமையன்று, நடந்த உண்மை. அப்பிள்ளைகளின் தம்பி தங்கையர் இன்று உயர்தர வயதை அடைகின்றனர். தம் தலைக்கு மேல் நிற்கும் மலையின் கணக்கைத் தாமே போட்டு, அதன் விடையை நாட்டின் முன் எழுந்து நின்று சொல்ல அவர்களால் முடியவேண்டும். அதற்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பே விஞ்ஞான வகுப்பு. அவ்வகுப்பு வார இறுதியின் தானமாக நில்லாது, வாரநாளின் உரிமையாக மாறும்வரை நமக்கு ஓய்வில்லை.