பரண் எங்கே சார்?

ராயபுரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கேள்வி, 'மெட்ரோ வாட்டர் ஒழுங்கா வருதா?' இரண்டாவது கேள்வியை வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அண்ணாந்து ஒரு பார்வை. பரண் இருக்கிறதா, எவ்வளவு ஆழம், சமையலறையில் மட்டுமா, ரூமிலும் உண்டா... அந்த ஒரு பார்வையிலேயே கணக்கு முடிந்துவிடும்.

அதே தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு ஜெர்மனி போகிற பையனும், அங்கே வாடகை வீட்டுக் கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் அண்ணாந்துதான் பார்ப்பான். பரண் இருக்காது. சுவரில் அலமாரி இருக்காது. பல வீடுகளில் லைட்கூட இருக்காது; கூரையிலிருந்து ரெண்டு ஒயர் தொங்கும். சமையலறை என்று காட்டப்படும் இடத்தில் குழாய் இணைப்பும் அடுப்புக்கான கரன்ட் இணைப்பும் மட்டும். மேடை, சிங்க், ஷெல்ஃப் எல்லாம்? முன்னால் குடியிருந்தவர் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆமாம், சமையலறையையே! 'திருடிட்டானுங்களாடா?' என்று இங்கிருந்து அம்மா போனில் பதறினால் அதில் தப்பே இல்லை.

வாரா வாரம் சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற படத்துக்கே அவ்வளவு அலசல். வருஷக்கணக்கில் குடியிருக்கிற வீட்டுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. இந்த வாரம் போட்டுப் பார்ப்போமே.

முதலில் நம்மூர்ச் சரக்கு. 'அலமாரி' போர்ச்சுக்கீசியர் கொடுத்த வார்த்தை. 'பீரோ' பிரெஞ்சுக்காரர்கள் வழி வந்தது. பரண் மட்டும் சுத்தத் தமிழ். ஆரம்பத்தில் மரத்திலோ மூங்கிலிலோ கட்டியது, பிறகு ஜன்னலுக்கு மேலே லிண்டலோடு சேர்த்து வார்க்கிற கான்கிரீட் பலகை ஆனது. அதற்குக் கீழே சுவரைக் குடைந்து கடப்பா கல் பதித்த ஷெல்ஃப். வடசென்னைக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதுதான். உப்புக் காற்றில் இரும்பு பீரோவின் கால் துருப்பிடிக்கும். கடப்பா கல் அப்படியே இருக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பில்கூடப் பரணுக்கு இடம் உண்டு. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, ஏறிப்போக நிரந்தர வழி இருக்கக் கூடாது என்கிறது அது. அதாவது ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும் என்பது சட்டப்படியே சரி!

ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ரூம், மூலையில் அடுப்பு. மீதி சொத்தெல்லாம் மேலே. கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடிலும் ஸ்டாரும், கிழிந்த பாய், ஒருநாள் ரிப்பேர் பார்க்கலாம் என்று ஏற்றிய மிக்ஸி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்துபோன ஆவணங்களைத் திரும்பக் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. தரைத்தளத்தில் இருப்பவருக்கு ரேஷன் கார்டையும் டிகிரி சர்டிஃபிகேட்டையும் தூக்கிப் போட வேறு எந்த இடம்?

ஆனால் வடிவமைப்பு என்று பார்த்தால் பரண் ஒரு சோம்பேறி வேலை. வைக்கிற ஆள் ஏழடி உயரம் என்று நினைத்துக் கட்டியது. எடுக்கிறவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. ஆடுகிற ஸ்டூலில் ஏறி, முந்தானையில் தூசி தட்டி, பல்லியிடம் அனுமதி வாங்கித்தான் எதையும் இறக்க முடியும். கடைசியில் ஏற்றியது ஏற்றியபடியே இருக்கும். 55 மார்க் போடுகிறேன். அதில் பாதி வெள்ளத்துக்காக.

இனி ஜெர்மனி. இதில் ஒரு வேடிக்கை. சுவரோடு சேர்ந்த நவீன சமையலறைக்கு முன்மாதிரியே அந்த நாட்டில், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில்தான் பிறந்தது. வருடம் 1926. வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். ரயில் டைனிங் கார் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் அடக்கினார். அரிசி, பருப்பு, சர்க்கரைக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். அப்படியே உருவிக் கவிழ்த்துக் கொட்டலாம். நம் அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் மாட்டியது மாதிரி! மாவுக்கு மட்டும் ஓக் மர இழுப்பறை, புழு வராது என்பதற்காக. கை எட்டும் உயரத்தில் சகலமும். நகரசபை கட்டிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளுக்கு இது போனது. அதுவரை தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அந்த அம்மா பின்னாளில் சொன்னதுதான் ஹைலைட். குறை? ஒரு ஆளுக்கு மேல் உள்ளே நிற்க முடியாது, எதையும் இடம் மாற்ற முடியாது. இருந்தாலும் 75 தாராளமாகப் போடலாம். அதில் ஒன்று இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் சமையலறை ஏன் குடித்தனக்காரரோடு நடந்து போகிறது? எனக்குப் புரிந்த பதில் பி.காம். பதில். அங்கே வீட்டுக்காரர் எதைக் கொடுக்கிறாரோ, அதை நல்ல நிலையில் வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. சில்லறை ரிப்பேரை மட்டும் ஒப்பந்தம் போட்டு குடித்தனக்காரர் தலையில் கட்டலாம். கேபினெட் கொடுத்தால் கீலுக்கும் நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். எதற்கு வம்பு, சுவரை மட்டும் கொடு!

சரி, குடித்தனக்காரர் ஏன் சொந்தப் பணத்தில் சமையலறை வாங்குகிறார்? அவரை லேசில் கிளப்ப முடியாது, அதனால்தான். வாடகை ஒப்பந்தம் பொதுவாகக் காலவரம்பு இல்லாதது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால், தனக்கே குடியிருக்க வீடு தேவை என்பது மாதிரி சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும். நோட்டீஸ் மூன்று மாதம். ஐந்து வருடம் இருந்தவருக்கு ஆறு, எட்டு வருடம் தாண்டினால் ஒன்பது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இத்தனை உறுதி இருந்தால் நீங்களும் நானும்கூட அலமாரிக்கு முதலீடு செய்வோம். இகேயா கடை 1974-ல் அங்கே நுழைந்து கொடிகட்டிப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. (புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: அந்த மரத்தூள் பலகை அலமாரியை ரெண்டாவது தடவை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. முந்தின குடித்தனக்காரர் சமையலறையை விலை பேசிக் கொடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.)

பரண்கூட அங்கே இல்லாமல் இல்லை. பல அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் பூமிக்கு அடியில் ஒரு தடுப்பறை உண்டு. பூட்டு போட்டுக்கொள்ளலாம், ஸ்டூல் வேண்டாம். பழைய கட்டடம் என்றால் ஈரம் ஏறும்; கொலு பொம்மையை அங்கே வைத்துவிடாதீர்கள்.

இப்போது திரும்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் இடித்துக் கட்டுகிற அடுக்குமாடிகளில் பரணும் கடப்பா கல்லும் குறைந்துகொண்டே வருகின்றன. சுவரை மொட்டையாகக் கொடுத்துவிட்டு, 'உட்வொர்க் தனி சார்' என்கிறார்கள். வெளிநாட்டு ஸ்டைலாம். அந்த ஸ்டைலுக்குப் பின்னால் இருக்கிற சட்டத்தை மட்டும் ஹார்பரிலேயே இறக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு வருடத்துக்குமேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பதினோரு மாத அக்ரிமென்ட், 2019-ல் புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் ஒழியவில்லை. மூன்று மாத அட்வான்ஸ் என்கிற அந்தச் சட்டமே, வேறு மாதிரி பேசிக்கொண்டால் சரி என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத வீட்டில் ஒரு குடும்பம் எந்தத் தைரியத்தில் அலமாரி அடிக்கும்? அட்டைப் பெட்டியில் கட்டிய சாமானைப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! இந்த மொட்டைச் சுவருக்கு என் மார்க் 35-ஐத் தொடாது. ஃபெயில்.

மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறோம் என்று வாடகையை ஏற்றிக் கேட்டால் உஷாராக இருங்கள். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், சமையலறைப் பொருத்துகளின் ரிப்பேர், அலமாரிப் பூட்டு, கைப்பிடி எல்லாம் குடித்தனக்காரர் செலவு என்கிறது புதுச் சட்டத்தின் அட்டவணை. ஜெர்மனிக்கு நேர் தலைகீழ். கையெழுத்து போடுவதற்கு முன்பே அதைப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். 'பரண்ல என் சாமான் கொஞ்சம் இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்பாரே, அதையும் அப்போதே இறக்கச் சொல்லிவிடுங்கள்.