நீர் வடியும் இரு துளைகள்

வியட்நாம் போருக்காக அமெரிக்க ராணுவம் செய்த காட்டு பூட்ஸைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் தேடுவது, பாத வளைவின் உட்பக்கமுள்ள இரண்டு சிறு துளைகளைத்தான். சதுப்பில் நடப்பவனின் காலுக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்தது வெளியேற வேண்டும். எவ்வளவு தெளிவான யோசனை! கீழே கறுப்புத் தோல், மேலே சீக்கிரம் உலரும் பச்சைத் துணி.

வாங்கும்போது உள்ளே அச்சிட்ட ஒப்பந்த எண்ணைப் பாருங்கள். ‘டிஎஸ்ஏ 100’ என்பதை அடுத்து 67 என்றிருந்தால் 1967ஆம் நிதியாண்டின் ஒப்பந்தம். ‘டிஎல்ஏ’ என்றிருந்தால் போர் முடிந்த பின் தைத்தது. ஒப்பந்தம் தந்த ராணுவக் கொள்முதல் துறையின் பெயர் 1977இல்தான் டிஎஸ்ஏ என்பதிலிருந்து டிஎல்ஏ என மாறியது.

பிறகு அடிப்பாகம். ஆரம்பத்தில் வந்தது வைப்ரம் என்ற வகை. அடுத்து வந்த பனாமா வகையின் அகலமான சாய்வு வரிகளில் சேறு தங்காது, நடக்கும்போதே உதிர்ந்துவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும். கூராகச் சீவிய மூங்கில் முளைகள் பாதத்தைத் துளைக்காதிருக்க உள்ளே எஃகுத் தகடும் வைத்தார்கள்.

அணிவதற்கென்றால் ரப்பரை மெல்ல வளைத்துப் பாருங்கள். இறுகி வெடித்திருந்தால், மேல்பாகம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம்.